மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு



கீழே தாங்கள் குடியிருந்துகொண்டு மேலே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் மடிப்பாக்கம், அம்பத்தூர், பம்மல் பக்கத்து மனிதர்களுக்காக இந்த மடல். பி.எஃப். பணத்தைப் போட்டு மாடி எழுப்பியவர்கள், கணவர் போன பிறகு அந்த வாடகையிலேயே மாதத்தை ஓட்டும் அம்மாக்கள், மகன் வெளியூரில் இருக்க வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் இதைப் படித்தால் போதும். அடுக்குமாடிகளை மொத்தமாகக் கையில் வைத்திருப்பவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், மேனேஜர் இருக்கிறார். நமக்கு அப்படி யாரும் இல்லை. நமக்கு என்று சொல்கிறேன், எங்கள் வீட்டு மாடியும் வாடகையில்தான் இருக்கிறது.

நாம் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சுதான். "ரெண்டு மாசமா வாடகை வரலை." "பாத்ரூம் கதவு இத்துப்போச்சு." "காலி பண்ணச் சொன்னா கோர்ட்டுக்குப் போங்கறான்." வெளியே நமக்கு நல்ல பெயர் கிடையாது. சினிமாவில் வரும் ஹவுஸ் ஓனர் பெரும்பாலும் கஞ்சன், இல்லாவிட்டால் சந்தேகப் பிராணி. ஆயுள் சேமிப்பையெல்லாம் ஒரு தளத்தில் கொட்டியவர், அந்தச் சுவரில் யாரோ துளை போடும் சத்தத்தைக் கீழே உட்கார்ந்து கேட்கும்போது படும் வேதனை யாருக்கும் தெரிவதில்லை. அந்த வேதனையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் நாம் செய்யும் காரியங்கள் நமக்கே எதிராகத் திரும்புகின்றன. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு மாடியில் ஒரு குடும்பம் சில வருடம் இருந்தது. வேலை போன பிறகு, வீட்டிலேயே சமைத்துச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தார்கள். உழைப்பாளிகள், யாரையும் ஏமாற்றும் ஆட்கள் கிடையாது. ஆனால் நாலு பேர் குடும்பத்துக்குக் கட்டிய அடுப்படி, தினமும் அண்டா அண்டாவாகச் சமைப்பதைத் தாங்காது. அவர்கள் சாமான் ஏற்றிய அன்று டீச்சருடன் நானும் மேலே போனேன். அடுப்புக்குப் பின்னால் இருந்த வெள்ளை டைல்ஸ் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. அடுப்பு மேடையின் கடப்பாக்கல் சூடு தாங்காமல் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. சிங்க்குக்கு அடியில் இருந்த கப்போர்டு தண்ணீரில் ஊறி உப்பி, தொட்டால் மரத்தூள் கொட்டியது. சிங்க் குழாய்க்குள் எண்ணெய் கட்டி தட்டி, ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. ஹாலில் டி.வி. மாட்டத் துளைத்த இடத்தில் சுவருக்குள் ஓடிய ஒயரில் துரப்பணம் பட்டிருக்கிறது, அந்தப் பக்கத்து சுவிட்ச் பெட்டி மொத்தமும் செத்துக் கிடந்தது.

டீச்சர் கேட்டார். குடியிருந்தவர் சொன்ன பதில்: "நாங்க வரும்போதே பாதி இப்படித்தான் இருந்துச்சு, டீச்சரம்மா."

அதற்கு மேல் டீச்சரால் பேச முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. கப்போர்டு அவர்கள் வருவதற்கு முன்பே கொஞ்சம் உப்பியிருந்ததாக டீச்சருக்கே ஞாபகம். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கையில் இருந்தது ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம், அதுவும் எப்போதோ காலாவதியானது. அதில் "வீட்டை நல்ல நிலையில் திரும்ப ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி. எது நல்ல நிலை? அந்த வரி எழுதப்பட்ட நாளில் வீடு எப்படி இருந்தது என்று ஒரு போட்டோ இல்லை, ஒரு குறிப்பு இல்லை. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் தாங்கள்தான் ஏமாந்தோம் என்ற நினைப்போடு பிரிந்தார்கள்.

வீட்டுச் சேதத்துக்கான சண்டை காலி செய்யும் நாளில் நடக்கிறது. ஆனால் அதன் முடிவு சாவி கொடுத்த நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். புதிதாக ஒருவர் குடிவரும்போது நாம் என்ன செய்கிறோம்? நல்ல நேரம் பார்க்கிறோம், பால் காய்ச்சச் சொல்கிறோம், அட்வான்ஸை எண்ணி வாங்குகிறோம், மோட்டார் சுவிட்ச் எங்கே என்று காட்டிவிட்டு இறங்கி வந்துவிடுகிறோம். இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக அங்கே நில்லுங்கள். சாமான் உள்ளே வருவதற்கு முன், காலி வீட்டில், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் வீடியோ எடுங்கள். வாசல் கதவில் ஆரம்பித்து ஒவ்வொரு அறையாகப் போங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, ஜன்னல் கண்ணாடி முழுசாக இருக்கிறதா, எந்தக் குழாய் சொட்டுகிறது, ஃபிளஷ் வேலை செய்கிறதா, கீசர் எத்தனை வருடப் பழசு, எத்தனை ஃபேன், எத்தனை லைட், மின்சார மீட்டரில் என்ன ரீடிங். சிங்க்கின் அடியையும், லாஃப்ட்டையும், பாத்ரூம் கதவின் கீழ் விளிம்பையும் விடாதீர்கள். சேதம் ஒளிந்திருக்கும் இடங்கள் அவை.

உங்கள் வீட்டில் இருக்கும் குறையையும் மறைக்காமல் சொல்லுங்கள். "இந்தச் சுவரில் மழைக்கு ஓதம் வரும்", "இந்த டைல் ஏற்கெனவே விரிசல்." இதைச் சொல்வதால் நமக்கு நஷ்டமில்லை. நம் வாயால் குறையைச் சொன்ன பிறகு, மற்றதெல்லாம் நன்றாக இருந்தது என்பதை அவரும் ஒப்புக்கொண்டதாக ஆகிறது. பிறகு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி. வீடியோவை அன்றே அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பல வருடம் கழித்து, "வரும்போதே இப்படித்தான்" என்ற பேச்சு எழவே எழாது. நேர்மையான குடித்தனக்காரருக்கும் அந்தத் தாள்தான் பாதுகாப்பு. நாம் சும்மா ஒரு பழியைப் போட்டால் அவரும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். அப்படிக் காட்டும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

இனி, எது சேதம் என்ற கேள்வி. இதில் நம் பக்கமும் தப்பு நிறைய நடக்கிறது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமையையும் பொறுப்பையும் பேசும் சட்டம் அது. வீடு கொடுக்கும்போது இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், சாதாரணத் தேய்மானத்தை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அதன் பின்னிணைப்பில் பட்டியலே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அதுதான் கணக்கு. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர் பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் நம் தலையில். குழாய் வாஷர், குழாய், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, கழிவறை, வாஷ்பேசின் ரிப்பேர், அடைத்த சாக்கடையைச் சுத்தம் செய்வது எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவரால்தான் கட்டடம் சேதமானது என்றால் அந்தச் செலவும் அவரைச் சேரும்.

சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் சென்னையில் ஊறிப்போயிருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வேறு. எழுதாமல், "எல்லாரும் பிடிக்கறாங்க" என்று பிடிப்பது சரியில்லை. ஒருவர் நாலு வருடம் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். மின்விசிறிக்கு மேலே வட்டமாகப் படியும் தூசியும், சாமி விளக்கு வைத்த இடத்துப் புகைக் கறையும் ஒரு குடும்பம் வாழ்ந்ததன் அடையாளம். அதற்குத்தான் மாதாமாதம் வாடகை வாங்கினோம். கிரேயான் கிறுக்கல், ஒட்டுப்படம் உரித்ததில் பெயர்ந்து வந்த பட்டி, சொல்லாமல் அடித்த கருநீலப் பெயிண்ட் ஆகியவை வேறு. அவற்றுக்குப் பணம் கேட்கலாம்.

ஓதம் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மழைக்காலத்துக்குப் பிறகு சுவரில் பெயிண்ட் கொப்புளித்து, வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து நிற்கும். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்ததால் இப்படி ஆயிற்று என்று குடியிருப்பவரைத் திட்டுகிறோம். மொட்டைமாடித் தளவரிசையில் விரிசல் விட்டு நீர் இறங்கினால் பாவம் அவர் என்ன செய்வார்? அது கட்டடத்தின் நோய். நாம்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

பாத்ரூம் டைல்ஸும் அப்படித்தான். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளைப் படலம் கட்டுவது அந்தத் தண்ணீரின் குணம். காலி செய்பவர் "சுத்தமா கொடுக்கணும்" என்ற பயத்தில் கடையில் ஆசிட் வாங்கி ஊற்றித் தேய்க்கிறார். படலம் போகும், கூடவே டைல்ஸ் இடுக்கில் இருந்த சிமென்ட்டும் அரித்துப் போகும், குழாயின் குரோம் பூச்சு கறுத்து உரியும். கீழ்வீட்டுக் கூரையில் அடுத்த வருடம் நீர்க்கசிவு வந்தால் அதற்கு இந்த ஆசிட்டும் ஒரு காரணம். ஆகவே குடிவரும் அன்றே சொல்லிவிடுங்கள்: ஆசிட் வேண்டாம், கறை இருந்தால் இருக்கட்டும், அதற்காகப் பணம் பிடிக்க மாட்டேன்.

அட்வான்ஸ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையில் காலங்காலமாக இருந்த பழக்கம். புதிய சட்டத்தின் பொது விதி மூன்று மாத வாடகைதான், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். நம்மில் பலர் அந்தப் பணத்தை வாங்கிய வாரமே செலவழித்துவிடுகிறோம். மகள் கல்யாணமோ, மேல்தளம் போட்ட கடனோ, ஏதோ ஒன்று இருக்கிறது, புரிகிறது. ஆனால் அவர் காலி செய்கிறேன் என்று சொன்னதும், திருப்பிக் கொடுக்கக் கையில் பணம் இல்லாமல், "அடுத்த ஆள் வரட்டும், அந்த அட்வான்ஸில் தருகிறேன்" என்று இழுக்கிறோம். இழுக்க ஒரு காரணம் வேண்டுமே என்று சுவரில் கறை தேடுகிறோம். வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று குடித்தனக்காரர்கள் பேசுவது இங்கே ஆரம்பிக்கிறது. கடைசி இரண்டு மூன்று மாதம் வாடகை கொடுக்காமல் "அட்வான்ஸில் கழிச்சுக்குங்க" என்று அவர்கள் சொல்வதும் அட்வான்ஸ் திரும்ப வராது என்ற பயத்தில்தான். அப்படிக் கழித்துவிட்டால் சேதத்துக்குப் பிடிக்க நம் கையில் எதுவும் மிஞ்சாது. அட்வான்ஸை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். பிடிக்க வேண்டியது இருந்தால் எலக்ட்ரீஷியன், பிளம்பர் கொடுத்த பில்லைக் காட்டிப் பிடியுங்கள்.

இனி உண்மையிலேயே தொந்தரவு கொடுக்கும் ஆட்களுக்கு வருகிறேன். வாடகை வராது, போன் எடுக்க மாட்டார், கேட்டால் எகிறுவார். அப்போது நமக்குத் தோன்றும் முதல் யோசனை என்ன? மோட்டாரை நிறுத்து. ஃப்யூஸைப் பிடுங்கு. அவர் ஊருக்குப் போன நேரம் வேறு பூட்டுப் போடு. "ரெண்டு பசங்களை அனுப்பறேன்" என்று உதவிக்கு வருபவர்களும் உண்டு. தயவுசெய்து இதில் எதையும் செய்யாதீர்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை வாடகைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வர முடியும். வீடு யாருடையது என்று நீதிமன்றம் அங்கே பார்க்காது, எப்படி வெளியேற்றினாய் என்றுதான் பார்க்கும். அதுவரை வாடகை தராதவர் குற்றவாளி, பூட்டுப் போட்ட நிமிடத்திலிருந்து நாம் குற்றவாளி.

நேர் வழி மெதுவாகத்தான் போகும், ஆனால் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றக் கேட்கலாம். நம் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும், வீட்டைத் தவறான காரியத்துக்குப் பயன்படுத்தினாலும் கேட்கலாம். ஆனால் இதற்கெல்லாம் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். பதினோரு மாதத்துக்குப் போட்டால் பதிவு வேண்டாம் என்று நாம் நம்புவது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்து. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் அதில் கட்டாயம். இப்போதைய வாடகைச் சட்டத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. பதினோரு மாதமானாலும் எழுத வேண்டும், பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். வாடகையை வங்கி மூலமாக வாங்குங்கள். பாக்கி வந்த மாதமே வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். "பாவம், கஷ்டம் போல" என்று ஏழெட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு ஒருநாள் வெடிப்பதால் இரண்டு பேருக்கும் நன்மை இல்லை.

இடையில் வீட்டின் நிலையைப் போய்ப் பார்க்க வேண்டுமா? ஒரு நாள் முன்னதாகவே எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், சட்டமும் 24 மணி நேர அவகாசம் கேட்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்திருந்தால் டீச்சருக்கு அடுப்படியின் நிலை முதல் வருடத்திலேயே தெரிந்திருக்கும். இன்னொரு ஆபத்தும் அங்கே இருந்தது. வீட்டு உபயோகத்துக்கான இணைப்பில் வியாபாரம் நடந்தால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின் கீழ் இருமடங்குக் கட்டணம் போடலாம். எப்போதிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு வருடத்துக்குக் கணக்கிடுவார்கள். இணைப்பு டீச்சர் பெயரில் இருந்தது. அவருடைய அதிர்ஷ்டம், யாரும் ஆய்வுக்கு வரவில்லை.

"பன்னிரண்டு வருஷம் இருந்துட்டா வீடு அவனுக்கே சொந்தமாயிடும்" என்ற பயம் ஊர் முழுக்க இருக்கிறது. இந்தப் பயத்தில் நல்ல குடித்தனக்காரர்களைக் காரணமில்லாமல் காலி செய்யச் சொன்ன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நம் அனுமதியோடு, வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு வருடக் கணக்கால் மட்டும் சொந்தம் வந்துவிடாது. அனுமதியோடு இருப்பது எதிரிடை அனுபவம், அதாவது உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தன் சொத்தாக அனுபவிப்பது, ஆகாது. அந்த அனுமதிக்குச் சான்றாகவாவது ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். பிரச்சினையில்லாமல் பல வருடம் இருக்கும் குடும்பத்தை இந்த வதந்திக்காக இழக்காதீர்கள்.

யாருக்கு வீடு கொடுப்பது என்பதிலும் நாம் பார்க்க வேண்டியதைப் பார்ப்பதில்லை. புரோக்கரிடம் முதலில் கேட்பது "என்ன ஆளுங்க?" என்று. அந்தக் கேள்விக்கு அர்த்தம் நமக்குத் தெரியும். அசைவம் சாப்பிடுபவர் வேண்டாம், முஸ்லிம் வேண்டாம், அந்தத் தெருக்காரர் வேண்டாம், தனியாக இருக்கும் பெண் வேண்டாம். டீச்சர் வீட்டுக்கு வந்த குடும்பம் இந்த வடிகட்டி எல்லாவற்றையும் தாண்டி வந்த குடும்பம்தான். சாதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம், வீட்டில் தொழில் செய்வது பற்றிப் பேசி வைக்கவில்லை. மனிதர்களை இப்படித் தள்ளி வைப்பது அநியாயம். அதோடு, நம் சுவரையும் அது காப்பாற்றுவதில்லை. எங்கே வேலை, முன்பு எந்த வீட்டில் இருந்தார், அந்த வீட்டுக்காரரிடம் ஒரு போன், எத்தனை பேர் தங்கப் போகிறார்கள், வீட்டில் தொழில் ஏதும் செய்யும் எண்ணம் இருக்கிறதா, அடையாள அட்டையின் நகல். இவற்றைக் கேட்டால் போதும். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீட்டில் தங்கியிருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, குடியிருப்பவர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லிச் சென்னையில் உத்தரவு வந்தது. அந்த விவரப் படிவத்தையும் குடிவரும் நாளிலேயே, அவருக்குத் தெரிந்தே கொடுத்துவிடலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்தால் யாருக்கும் சந்தேகப்பட்டதாகத் தோன்றாது.

"இதெல்லாம் புதுசா வர்றவங்களுக்குச் சரி, ஏற்கெனவே இருக்கறவங்களுக்கு?" என்று கேட்பீர்கள். இப்போதே ஆரம்பிக்கலாம். அடுத்த மாத வாடகை வரும்போது மேலே போய், ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் பதிந்துவிடலாம் என்று சொல்லுங்கள். அன்றைக்கே வீட்டை இருவரும் சேர்ந்து ஒரு சுற்றுப் பார்த்து, இன்றைய நிலையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். போன வருடத்துச் சேதத்துக்கு அவரைக் கணக்குக் கேட்காதீர்கள், அதற்கு உங்களிடம் ஆதாரம் கிடையாது. நீங்கள் செய்ய வேண்டிய ரிப்பேர் ஏதாவது அவர் காட்டினால், பைப்போ ஒயரிங்கோ, அதற்கு ஒரு தேதி சொல்லி, அந்தத் தேதியில் ஆளை அனுப்புங்கள். அதைச் செய்துவிட்டு அவருடைய பங்கைக் கேளுங்கள், தருவார். தராவிட்டாலும், கேட்டதும் தராததும் இப்போது தாளில் இருக்கும்.

இப்படிக்கு,
மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் உங்களில் ஒருவன்